குரோஸ் மாற்றியும் கியர் விடுகிறதா? வெஸ்பா கியர் பொக்ஸில் இடைவெளிப் பிழை பிடிக்கும் முறை

வாழைச்சேனையில் இருந்து ஒரு மீன் வியாபாரி பழைய வெஸ்பா ஸ்பிரிண்ட் ஒன்றை ஆரையம்பதியில் இருக்கிற என் கொட்டிலுக்குக் கொண்டு வந்தார். பின் கேரியரில் மீன்பெட்டி. இரண்டாம் கியரில் முறுக்கினால் "டக்" என்று விட்டுவிடும். எஞ்சினைப் பிரித்தேன், கியரைத் தண்டோடு பூட்டும் குரோஸ் என்ற துண்டின் கைகள் மழுங்கியிருந்தன, புதியது போட்டுப் பூட்டினேன். மூன்று மாதம் நன்றாக ஓடியது. பிறகு அதே வருத்தம். இரண்டாவது குரோஸ் ஆறு கிழமை நின்றது. மூன்றாவதையும் போட்டேன்.

மூன்றாவதும் விட்டபோதுதான் கல்லடியில் லேத் வேலை செய்து ஓய்ந்த ஒரு பெரியவரிடம் போனேன். அவர் குரோஸைக் கையில் வாங்கவே இல்லை. "மூணு குரோஸ் போட்டிருக்காய், ஒருக்காவாவது பீலர் போட்டுப் பார்த்தியாகா தம்பி?" என்று கேட்டார். பீலர் என்றால் இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு. நான் பார்க்கவில்லை. அன்று பின்னேரம் அளந்தபோது கியர் அடுக்கில் 0.60 மில்லிமீற்றர் ஆட்டம் இருந்தது. இருக்க வேண்டியது 0.15 முதல் 0.40 வரை. அந்த ஆட்டம்தான் மூன்று குரோஸையும் தின்றிருக்கிறது. குரோஸ்களின் காசை வியாபாரிக்குத் திருப்பிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அளக்காமல் எந்தக் கியர் பெட்டியையும் நான் மூடியதில்லை.

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் பழைய வெஸ்பாவையும் பஜாஜ் சேத்தக்கையும் தகரக் கொட்டில்களில் இருந்து எடுத்துத் திருத்தும் பிள்ளைகள் இப்போது நிறையப் பேர். அவர்களுக்காக வருத்தத்தின் குறியை வைத்து வழி சொல்கிறேன். இங்கே வரும் இலக்கங்கள் பெரிய உடம்பு வெஸ்பாவுக்கானவை: ஸ்பிரிண்ட், பீஎக்ஸ் போன்றவை. சேத்தக் ஸ்பிரிண்டின் வழிவந்தது, பெட்டியின் அமைப்பும் அதே குடும்பம்தான். சின்ன உடம்பு வெஸ்பாவுக்கும் லம்பிரட்டாவுக்கும் சிம் (இடைவெளியைச் சரிசெய்யும் வளையம்) வேறு, அளவும் வேறு. அவற்றுக்கு இந்த இலக்கங்களைப் பாவிக்க வேண்டாம்.

முதலில் உள்ளே நடப்பதை விளங்கிக்கொள்ளுங்கள்

பின்சில்லு பூட்டியிருக்கும் தண்டின் மேலே நான்கு கியர்கள் அடுக்காக இருக்கின்றன. நான்கும் தண்டில் இறுகியிருப்பதில்லை, சும்மா சுழலும். எதிரே இருக்கும் கொத்துக் கியரின் பற்களோடு நான்கும் எப்போதும் கடித்தபடியே இருக்கின்றன. தண்டின் நடு குழாய் போலத் துளை. அதற்குள்ளே நான்கு கையுள்ள குரோஸ் முன்னும் பின்னும் நகரும். கைகள் தண்டின் பிளவுகளால் வெளியே நீட்டி, எந்தக் கியரின் உட்பள்ளத்தில் விழுகின்றனவோ அந்தக் கியர் தண்டோடு பூட்டப்படும். கியர் விழுவது என்பது இவ்வளவுதான்.

குரோஸ் நிற்கும் இடம், கைப்பிடியைத் திருப்பும்போது குரோஸை நகர்த்தும் செலக்டரில் ஏற்கெனவே குறிக்கப்பட்ட இடம். கியர்கள் தண்டின் நீளவாக்கில் ஆடினால், குரோஸ் சரியான இடத்தில் நின்றாலும் கியர் அந்த இடத்தில் இருக்காது. கையின் முழு அகலமும் பள்ளத்தில் இறங்காமல் ஓரம் மட்டும் பிடிக்கும். பாரம் ஏறும்போது அந்த ஓரம் மழுங்கும். மழுங்கிய ஓரம் சரிவாகிவிடும், சரிவு குரோஸை வெளியே தள்ளும். புதுக் குரோஸ் போட்டால் ஓரம் கொஞ்ச நாள் கூராக இருக்கும், அவ்வளவுதான்.

இடைவெளி மிகக் குறைந்தாலும் கெடுதல்தான். நான்கு கியரும் நான்கு வேகத்தில் சுழல்வதால் பக்கத்துப் பக்கத்து முகங்கள் ஒன்றோடொன்று உரசுகின்றன. நடுவே ஒயில் நிற்க இடம் வேண்டும். இடமில்லாவிட்டால் முகங்கள் கீறுப்படும், சூடாகும், கியர் மாற்றம் பாரமாகும்.

பெட்டியைத் திறக்க முதல்

எஞ்சினைப் பிரிப்பது ஒரு நாள் வேலை. அதற்கு முன் அரை மணித்தியாலம் வெளியே செலவழியுங்கள்.

கியர் விடும்போது உங்கள் இடக்கையில் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். கைப்பிடி உங்கள் கையைத் தள்ளிக்கொண்டு திரும்பினால், உள்ளே இருந்து குரோஸ் தள்ளப்படுகிறது. வருத்தம் பெட்டிக்குள். கைப்பிடி அசையாமல் கியர் மட்டும் விட்டால், இடையில் எங்கோ தளர்வு இருக்கிறது: கியர் கேபிள், அல்லது செலக்டர் பொக்ஸ்.

கேபிளை ஒதுக்கிப் பார்க்க ஒரு வழி உண்டு. செலக்டர் பக்கம் இரண்டு கேபிளையும் கழற்றிவிடுங்கள். ஒருவர் பின்சில்லை மெதுவாகச் சுற்ற, நீங்கள் செலக்டரைக் கையால் திருப்புங்கள். ஒன்று, நியூட்றல், இரண்டு, மூன்று, நான்கு என்று ஐந்து இடத்திலும் தெளிவான "கிளிக்" கேட்க வேண்டும். கையால் வடிவாக விழுந்து, கைப்பிடியில் மட்டும் விழவில்லை என்றால் கேபிளை மாற்றி இழுவையைச் சரிசெய்யுங்கள். எங்கள் உப்புக் காற்றில் கேபிள் உறைக்குள்ளேயே துருப்பிடிக்கும். வெளியே பார்த்தால் புதிதுபோல இருக்கும்.

கிளிக் மங்கலாக இருந்தால் செலக்டர் பொக்ஸை மட்டும் கழற்றுங்கள், அதற்கு எஞ்சினைப் பிரிக்கத் தேவையில்லை. உள்ளே நிறுத்தும் ஸ்பிரிங், செலக்டர் தண்டின் புஷ், குரோஸ் தடியின் தலையைப் பிடித்துத் தள்ளும் கட்டை, மூன்றையும் பாருங்கள். அந்தக் கட்டை தேய்ந்தால் குரோஸ் தன் முழுத் தூரமும் போகாது. அப்போது உள்ளே எவ்வளவு அளந்து பூட்டினாலும் பிரயோசனமில்லை.

குறி: கியர் விழும்போது அரைக்கும் சத்தம், கிளச் பிடித்தும் வண்டி முன்னால் இழுக்கும்

இதைக் கியர் பொக்ஸ் வருத்தம் என்று நினைத்துப் பிரிப்பவர்கள் அதிகம். இது பெரும்பாலும் கிளச். லீவரில் சுமார் 2 மில்லிமீற்றர் தளர்வு இருக்க வேண்டும். அதைவிடக் கூடினால் கிளச் முழுதாக விடாது. கேபிள் சரியென்றால் கிளச் மூடியின் உள்ளே இருக்கும் தள்ளுகட்டை தேய்ந்திருக்கிறதா, தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றனவா என்று பாருங்கள். மாதக்கணக்கில் ஓடாமல் நின்ற வண்டியில் தட்டு ஒட்டுவது சாதாரணம்.

குறி: பாரம் ஏற்றினால் கியர் விடும்

முதலில் எந்தக் கியர் விடுகிறது என்று பாருங்கள். இரண்டு மட்டும் விட்டால், அந்தக் கியரின் உட்பள்ளங்களும் குரோஸும் தேய்ந்திருக்கும். மற்றவை பெரும்பாலும் நல்லாயிருக்கும். இரண்டும் மூன்றும் நான்கும் மாறி மாறி விட்டால், அடுக்கு முழுவதும் ஆடுகிறது என்று சந்தேகப்படுங்கள். எது எப்படியானாலும் எஞ்சினைப் பிரித்த பிறகு அளவெடுப்பதை விடவேண்டாம்.

எங்கள் ஊர் தட்டை நிலம். கல்லடிப் பாலத்தைத் தவிர ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை. அதனால் தனியாக ஓடுபவர் இந்த வருத்தத்தை வருசக்கணக்காய் உணரமாட்டார். ஒரு நாள் பின்னால் ஆளையும் முன்னால் அரிசி மூட்டையையும் ஏற்றுவார், அல்லது மகாஓயாப் பக்கம் ஏறுவார், அன்றுதான் விடும். அதற்குள் கியரின் பள்ளமும் போயிருக்கும்.

அளக்கும் முறை

தண்டை வெளியே எடுத்து, கியர்கள், சிம், சேர்க்ளிப் (அடுக்கைத் தண்டின் பள்ளத்தில் பூட்டி நிறுத்தும் வளையம்) எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடையுங்கள். ஒவ்வொரு கியரின் முகத்தையும் விரலால் தடவுங்கள். எழும்பிய பிசிறு தட்டுப்பட்டால் எண்ணெய்க்கல்லில் மெதுவாகத் தேய்த்து எடுங்கள். ஒரு சின்னப் பிசிறு போதும், பீலர் பொய் சொல்லும்.

அடுத்து சிம். கியர் அடுக்கின் முடிவில், சேர்க்ளிப்புக்குக் கீழே இருக்கும் கனமான வளையம்தான் அது. முழு அடுக்கின் ஆட்டத்தையும் தீர்மானிப்பது இந்த ஒரு வளையம். எல்லோரும் பிழை விடும் இடமும் இதுதான், ஆகவே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

பழைய சிம்மின் முகத்தில் கியர் உரசி உரசி ஒரு தாழ்ந்த பாதை விழுந்திருக்கும். வெளி ஓரமும் உள் ஓரமும் பழைய உயரத்திலேயே நிற்கும். அதை அப்படியே போட்டுப் பீலரைச் செருகினால், பீலர் தகடு உயர்ந்த ஓரத்தின் மேல் நின்றுவிடும். 0.35 என்று காட்டும். சரியாயிருக்கிறது என்று நம்பிப் பூட்டிவிடுவீர்கள். கியரோ தாழ்ந்த பாதைக்குள் போய் 0.50 ஆடும். இரும்பு அளவுகோலின் நேர் விளிம்பை முகத்தில் வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் அந்தச் சிம்மை வைத்து அளக்கவே வேண்டாம். சிம்மைத் தொடும் கியரின் முகத்தையும் அப்படியே பாருங்கள்.

இனிப் பூட்டுங்கள். தண்டை வைசில் செம்பு அல்லது மரத்தாடை வைத்து நிமிர்த்திப் பிடியுங்கள். கியர்களை வரிசையாக இறக்கி, மெல்லிய ஒயில் பூசி, முகம் தட்டையான சிம்மைப் போட்டு, புதுச் சேர்க்ளிப் மாட்டுங்கள். சேர்க்ளிப்பை உற்றுப் பார்த்தால் ஒரு பக்க ஓரம் கூராகவும் மறுபக்கம் சற்று உருண்டும் இருக்கும். கூரான பக்கம் கியருக்கு எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும், அதாவது தள்ளுவிசையைத் தாங்கும் பள்ளச் சுவரோடு அது இருக்க வேண்டும். பழைய சேர்க்ளிப் பள்ளத்தில் தளர்ந்து நிற்கும், அந்தத் தளர்வும் உங்கள் கணக்கில் சேர்ந்துவிடும்.

சிம்மை மேலே தள்ளிச் சேர்க்ளிப்போடு ஒட்டவிட்டு, சிம்முக்கும் அடுத்த கியருக்கும் நடுவே பீலரைச் செருகுங்கள். ஒரு தகடு போதாது. எதிரெதிர்ப் பக்கமாய் ஒரே அளவில் இரண்டு தகடுகளை ஒன்றாகச் செருகுங்கள். ஒரு பக்கம் மட்டும் செருகினால் கியர் சரிந்துகொண்டு கூட இடம் காட்டும். இரண்டாவது பீலர் கேஜ் இல்லாவிட்டால் கூட்டாளியிடம் இரவல் வாங்குங்கள். தகடு மெல்லிய இழுவையோடு போக வேண்டும். கியர் அடுக்கைக் கால்வட்டமாய்த் திருப்பி, நான்கு இடத்தில் அளந்து எழுதிவையுங்கள்.

சிம் தெரிவு

பெரிய உடம்பு வெஸ்பாவின் சிம் 2.00 மில்லிமீற்றரில் தொடங்கி 2.15, 2.30, 2.45, 2.60 என்று 0.15 படியாகக் கூடிக்கொண்டு போகும். என் மீன்பெட்டி வண்டியில் 2.00 சிம்மோடு 0.60 வந்தது. 2.15 போட்டால் 0.45, எல்லைக்கு வெளியே. 2.30 போட்டால் 0.30. நடுவில் விழுகிறது, அதையே போட்டேன். 2.45 போட்டிருந்தால் 0.15. அதுவும் எல்லைக்குள்தான், ஆனால் விளிம்பு. எங்கள் வெயிலில் பாரத்தோடு ஓடும் வண்டிக்கு 0.20 முதல் 0.30 வரை நான் விரும்புவேன். 0.40 ஐத் தாண்டியதை ஒருக்காலும் மூடிவிடாதீர்கள்.

இரண்டு மெல்லிய வளையங்களை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கும் பழக்கம் இங்கே இருக்கிறது. செய்யவேண்டாம். அவை ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிச் சுழன்று தேயும், சேர்க்ளிப்பைத் தள்ளும். சாதாரண இரும்புத் தகட்டில் லேத்தில் வெட்டிய வளையமும் சரிவராது. சிம் கடினப்படுத்திய உருக்கு. கடினமில்லாத வளையம் மாதக்கணக்கில் கரைந்து, அந்தத் தூள் ஒயிலோடு சேர்ந்து பெயரிங்குகளுக்குள் போகும். கொழும்பு பஞ்சிகாவத்தையில் இருந்து இரவு பஸ்ஸில் வர இரண்டு நாள் பிந்தினாலும் பரவாயில்லை, சரியான சிம் வரும்வரை பொறுத்திருங்கள். சேத்தக்காரர்கள் பழைய சிம்மைக் கையில் கொண்டுபோய், உள்விட்டம் வெளிவிட்டம் ஒப்பிட்டே வாங்குங்கள்.

வேறொரு பெட்டியில் கழற்றிய கியரை மாற்றிப் போட்டால் திரும்ப அளக்க வேண்டும். கியர்களின் தடிப்பு ஒரேமாதிரி இருக்காது. குரோஸிலும் கவனம் வேண்டும்: எண்பதுகளின் நடுவில் பீஎக்ஸின் பெட்டி மாறியது, அதற்கு முந்திய குரோஸும் பிந்திய குரோஸும் ஒன்றல்ல. பழையதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். குரோஸ் கழற்றும்போது தடியின் மரை இடது மரை. வழமையான பக்கம் திருப்பி முறித்துவிடாதீர்கள்.

இவ்வளவும் செய்து, தேய்ந்த கியரை அப்படியே விட்டால் வேலை வீண். உட்பள்ளத்தின் ஓரத்தில் நகம் மாட்டி நிற்க வேண்டும். நகம் வழுக்கினால் அந்தக் கியரின் காலம் முடிந்தது. ஓரத்தை அரத்தால் கூராக்கினால் கடினப்படுத்திய தோல் போய்விடும், இரண்டு கிழமை நிற்காது.

குறி: கியர் மாற்றம் இறுக்கம், நியூட்றலிலும் சில்லு சுழலும்

கிளச் சரி, கேபிள் சரி, ஆனாலும் இப்படி என்றால் இடைவெளி குறைவு என்று எண்ணலாம். யாரோ பெரிய சிம் போட்டிருப்பார்கள், அல்லது புதுக் கியர் தடிப்புக் கூடியதாக இருக்கும். மேசையில் தண்டைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கியரையும் விரலால் சுற்றுங்கள். ஒன்றைச் சுற்றும்போது பக்கத்துக் கியரும் கூடவே இழுபட்டால் அடுக்கு இறுகியிருக்கிறது. 0.15 தகடு போகாவிட்டால் ஒரு படி சின்னச் சிம்முக்கு வாருங்கள். 2.00 போட்டும் இறுக்கம் என்றால் சிம்மைக் குறை சொல்லாதீர்கள். ஏதோ ஒரு கியரில் பிசிறு, அல்லது தவறான கியர், அல்லது திசை மாறி இறங்கிய கியர். எல்லாவற்றையும் கழற்றித் திரும்ப இறக்குங்கள்.

குறி: மேசையில் சுழன்றது, எஞ்சினை மூடியதும் இறுகிவிட்டது

இது இடைவெளியின் வேறு முகம். தண்டு அல்லது பெயரிங் தன் இருக்கையில் முழுதாக இறங்காமல் நின்று, மூடும் போல்ட்டுகள் அதைப் பக்கவாட்டில் நெரிக்கின்றன. சில வேளை கொத்துக் கியரின் ஊசி உருளை ஒன்று கழன்று நடுவில் சிக்கியிருக்கும். கழற்றும்போதே ஊசிகளை எண்ணி எழுதிவைத்து, பூட்டும்போது கிரீஸில் ஒட்டித் திரும்ப எண்ணுங்கள்.

பெயரிங்கை இரவு முழுக்கப் பிரிட்ஜின் ஐஸ் தட்டில் வையுங்கள். எஞ்சின் உறையை மெதுவாய்ச் சூடாக்குங்கள், எச்சில் பட்டால் பொரியும் அளவு போதும். பெயரிங் தானாகவே விழுந்து அடியில் தட்டும். சுத்தியலால் அடித்து இறக்கிய பெயரிங் பாதியில் நின்றாலும் தெரியாது.

கேஸ்கட்டை விட்டுவிட்டுப் பசை மட்டும் பூசி மூடுவதும் இதே வருத்தத்தைத் தரும், உறைகள் இரண்டும் ஒன்றை ஒன்று நெருங்கிவிடும். போல்ட்டுகளைக் குறுக்கே மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாய் இறுக்குங்கள். ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் தண்டைக் கையால் சுற்றுங்கள். எந்தச் சுற்றில் பாரம் கூடுகிறதோ அங்கேயே நிறுத்துங்கள். மரச்சுத்தியலால் தண்டின் நுனியில் ஒரு மெல்லிய தட்டு தட்ட விடுபட்டால் சரி. விடுபடாவிட்டால் திரும்பத் திறக்கத்தான் வேண்டும். ஓடினால் தானாகச் சரியாகும் என்று சொல்பவரின் பேச்சைக் கேட்காதீர்கள்.

குறி: வெளிக்கிடும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் பின்னால் "டக்"

பெட்டியைத் தொடாதீர்கள். பின்சில்லு ஹப்பின் நட்டைப் பாருங்கள். அது தளர்ந்தால் ஹப்பின் உட்பற்களும் தண்டின் பற்களும் ஒன்றையொன்று தின்னும். பீஎக்ஸில் அது 90 முதல் 110 நியூட்டன் மீற்றர் வரை இறுக்கும் நட்டு. இறுக்கிய பிறகு பூட்டூசியைப் போட மறக்க வேண்டாம். பற்கள் ஏற்கெனவே தேய்ந்திருந்தால் நட்டை இறுக்குவது சில நாள் ஆறுதல்தான், ஹப் மாற்ற வேண்டும்.

குறி: ஒயில் வெள்ளையாக, அல்லது பெற்றோல் மணத்தோடு

மாரி வெள்ளத்தில் அச்சு மூழ்க ஓடிய வண்டியில் ஒயில் பால்தேத்தண்ணி மாதிரி வரும். காற்றுப்போகும் துளையால் தண்ணீர் உள்ளே போயிருக்கும். 2011 ஜனவரி வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் பக்கம் இப்படி எத்தனையோ வண்டிகள் அப்படியே நிறுத்திவைக்கப்பட்டன. தண்ணீர் பட்ட பெட்டியை ஒயில் மாற்றிவிட்டு மறந்துவிடக் கூடாது. சூட்டோடு வடியவிட்டு, புது ஒயில் விட்டு இருபது கிலோமீற்றர் ஓட்டி, மறுகாவும் வடித்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் ஊளைச் சத்தம் கேட்டால் பெயரிங்கில் துருக்குழி விழுந்துவிட்டது. அப்படிப் பிரிக்கும்போது சிம்மின் முகத்தையும் பாருங்கள், துருக்குழி விழுந்த சிம் கியரை அரம் போல அராவும்.

ஒயில் தண்ணியாகிப் பெற்றோல் மணந்தால், அல்லது வெள்ளைப் புகையோடு ஒயில் குறைந்துகொண்டு போனால், கிராங்கின் கிளச் பக்க ஒயில் சீல் போய்விட்டது. இது இடைவெளிப் பிழை இல்லை. ஆனால் தண்ணி ஒயிலில் ஓடும் பெட்டி எந்த இடைவெளியையும் வேகமாகத் தின்றுவிடும்.

பெட்டிக்கு எஸ்ஏஈ 30 ஒயில், 250 மில்லிலீற்றர். லொறி டிபரென்சலுக்கு விடும் தடித்த 90 ஒயிலை விடாதீர்கள். கிளச்சும் அதே ஒயிலில்தான் குளிக்கிறது.

பூட்டி முடித்த பிறகு

முதலில் தனியாக ஐந்து கிலோமீற்றர். பிறகு பின்னால் ஒருவரை ஏற்றி, இரண்டாம் கியரில் பின்பிரேக்கை மெதுவாய்த் தொட்டபடி முறுக்குங்கள். தட்டை ரோட்டில் ஏற்றத்தின் பாரத்தை உண்டாக்க இதுதான் வழி. சனமில்லாத ரோட்டில், சில மீற்றருக்கு மட்டும் செய்யுங்கள், பிரேக் சூடாகிவிடும். கைப்பிடியை இறுக்கிப் பிடிக்காமல் உள்ளங்கையை மட்டும் வைத்திருங்கள். அது துடித்தால் உள்ளே குரோஸ் இன்னும் தள்ளப்படுகிறது. துடிக்காவிட்டால் மூன்றிலும் நான்கிலும் அதையே செய்து பாருங்கள். பிறகு 300 கிலோமீற்றரில் ஒயிலை வடித்து, வடிநட்டில் ஒட்டியிருக்கும் தூளை விரலில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். மாப்போல இருந்தால் அது புதுச் சாமான்கள் பழகிய தூள், புது ஒயிலை விட்டு ஓடலாம். மணல்போல நரநரத்தால் சேர்க்ளிப்பும் சிம்மும் இருக்கும் பக்கத்தைத் திரும்பத் திறக்க வேண்டும்.